மூன்று முறை பெயர் கூப்பிடுவார்கள்

அத்தை வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டிக்குப் பின்னால் அந்தக் காகிதம் ஆறு மாதம் செருகியே கிடந்தது. ஆடி மாதம் கோர்ட் அமீனா கொண்டுவந்து கொடுத்த சம்மன். ரேகை வைத்து வாங்கிக்கொண்ட அத்தை, பால் ஊற்ற வந்த பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மாமா இறந்தபின் காடு ஒன்றரை ஏக்கரும் தனக்கே பாத்தியம் என்று கொழுந்தனார் போட்ட வழக்கு அது. “சும்மா மிரட்டறதுக்குப் போடுவாங்க, நீங்க பேசாம இருங்க” என்று யாரோ சொல்ல, அத்தையும் பேசாமல் இருந்துவிட்டார். தை மாதம் வரப்பில் வழிமறித்து, தீர்ப்பு வந்துவிட்டது என்று சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

“கண்ணு, நான் கோர்ட்டுப் படியே ஏறலையே, எனக்கெதிரா எப்படித் தீர்ப்பு சொன்னாங்க?”

படி ஏறாததால்தான் சொன்னார்கள். வாய்தா நாளில் டவாலி வாசலில் நின்று பிரதிவாதியின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். ஆளும் வரவில்லை, வக்கீலும் வரவில்லை என்றால், எதிர்த்துச் சொல்ல யாருமில்லை என்று கொண்டு வழக்கு நகர்ந்துவிடும். அதை எக்ஸ்பார்ட்டி என்பார்கள். வராதவருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, பஸ்ஸுக்குக் காசிருந்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை.

குற்ற வழக்கில் நிலைமை வேறு. கைதாகி நிற்பவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், அரசுச் செலவில் வக்கீல் உண்டு என்பதை மாஜிஸ்திரேட்டே அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பீகார் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைப் பறித்த கொடுமை தொடர்பான வழக்கில் 1981-ல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது. சிவில் வழக்கில் அப்படி அழைத்துச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். காடு, வீடு, வாடகை, ஜீவனாம்சம், கைமாற்றுக் கடன் என்று ஏழைக் குடும்பத்தை உலுக்கிப்போடும் சண்டைகள் பெரும்பாலும் சிவில் சண்டைகள்தாம். அங்கே இலவச வக்கீல் இருக்கிறார். ஆனால் நாமாகப் போய்க் கேட்டால்தான் வருவார்.

அத்தைக்குக் கேட்பதே கூச்சமாக இருந்தது. “ஓசி வக்கீல் வெக்கறதுக்கு நாம என்ன பிச்சையா எடுக்கறோம்? காடு வெச்சிருக்கறவ ஏழைன்னு போய் நின்னா சிரிக்க மாட்டாங்களா?”

அந்தக் கூச்சம் தேவையே இல்லை. ஏழ்மையால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 39-ஏ பிரிவு சொல்கிறது, 1976-ல் சேர்த்தது. அதைச் செயலாக்கச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ல் வந்தது. நடைமுறைக்கு வர இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1995 நவம்பர் 9 அன்றுதான் அமலானது. யாருக்கெல்லாம் இலவச உதவி என்று அதன் 12-வது பிரிவு அடுக்குகிறது. அதில் பெண்கள் என்று இருக்கிறது. ஏழைப் பெண்கள் என்று இல்லை. பெண் என்றால் போதும், வருமானத்தைப் பற்றிய பேச்சே கிடையாது. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வெள்ளத்திலோ வறட்சியிலோ சாதி வன்கொடுமையிலோ சிக்கியவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. இந்த வகைகளுக்குள் வராதவருக்குத்தான் வருமான வரம்பு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்ற வழக்குக்கு 5 லட்சம்.

வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசில் நாள்கணக்கில் நிற்க வேண்டுமோ என்று பயந்து பாதியிலேயே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். என் வருமானம் இவ்வளவுதான் என்று ஒருவர் தரும் பிரமாண வாக்குமூலமே போதும் என்று ஏற்க 13-வது பிரிவு இடம் தருகிறது. அதை நம்பாதிருக்கக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்பார்கள்.

அத்தையைக் கூட்டிக்கொண்டு வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போனேன். நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருந்த சின்ன அறை. வட்டத்தில் குழு, மாவட்டத்தில் ஆணைக்குழு, சென்னையில் மாநில ஆணைக்குழு என்று மாநிலத்துக்குள் மூன்று அடுக்காக இருக்கிறது இந்த அமைப்பு. உயர் நீதிமன்ற வழக்குகளுக்குத் தனிக் குழு உண்டு. மாவட்ட ஆணைக்குழுவுக்கு முதன்மை மாவட்ட நீதிபதியே தலைவர். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, தமிழில் எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கிருப்பவர்களே கேட்டு எழுதி ரேகை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. அத்தையிடமும் அப்படித்தான் எழுதி வாங்கினார்கள். ஆதார் நகல், சம்மன், அதோடு வந்த பிராது நகல், பட்டா, மாமாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தோம். விண்ணப்பத்தின் மீது ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வக்கீல் கட்டணம் மட்டும்தான் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, ஆவண நகல், மொழிபெயர்ப்பு எல்லாமே இந்த உதவிக்குள் வரும். தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கான நீதிமன்றக் கட்டணத்தை 2017-ல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தார்கள். அப்படியும், இந்த உதவியைக் கேட்காமல் 2 லட்சம் ரூபாய் புரோநோட்டை வைத்துக்கொண்டு நிற்கும் ஒருத்தி வழக்குப் போடவே முதலில் 6,000 ரூபாய் கட்டியாக வேண்டும். அந்த ஆறாயிரம் இல்லாததால் இரண்டு லட்சத்தையே கைவிட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இலவச வக்கீல் சரியாக வாதாடுவாரா என்ற சந்தேகம் நியாயமானது. பட்டியலில் இருக்கும் வக்கீல்களுக்கு ஆணைக்குழு தரும் ஊதியம் குறைவு. உயிரைக் கொடுத்து உழைக்கும் இளம் வக்கீல்கள் அதில் இருக்கிறார்கள், கட்டைத் தூக்கி மூலையில் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அத்தைக்கு முதலில் ஒதுக்கிய வக்கீல் இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. குழுவில் எழுதிக் கொடுத்தோம், ஆளை மாற்றினார்கள். வழக்குகள் எப்படிப் போகின்றன என்று பார்ப்பதற்கே கண்காணிப்புக் குழு வைக்கச் சொல்கின்றன விதிகள். கட்சிக்காரரிடம் குமாஸ்தா செலவு, டைப்பிங் செலவு என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், செயலாளரிடம் சொல்லுங்கள். அதேபோல, நடுவில் காசு கொடுத்து வேறு வக்கீல் வைத்தாலோ, பொய்த் தகவல் தந்திருந்தாலோ உதவியை நிறுத்திவிடலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதே அமைப்புதான் மக்கள் நீதிமன்றங்களையும் நடத்துகிறது. சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்; வருடக்கணக்கான அலைச்சல் ஒரே நாளில் தீரும். நல்ல வழிதான். ஆனால் அங்கே எழுதும் முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. வாசித்துக் காட்டச் சொல்லி, புரிந்து, மனசு ஒப்பிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். விருப்பமில்லை என்றால் மறுத்துவிட்டு வழக்கை நடத்தலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அத்தையின் புதிய வக்கீல் ஓர் இளம்பெண். முதல் நாளே அவர் கேட்டது, “சம்மன் வந்த வாரமே ஏம்மா வரலை?” என்றுதான். சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை போட வேண்டும். நீதிமன்றம் மனது வைத்தால் 90 நாள் வரை நீளும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கேட்கவும் 30 நாள்தான். எல்லாமே தாண்டிப் போயிருந்தன. தீர்ப்பை நீக்கக் கோரி ஒரு மனு, தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு என்று இரண்டு போட வேண்டியதாயிற்று. படிப்பறிவில்லாத விதவை என்பதை எடுத்துச் சொல்லி வாதாடினார். எதிர்த்தரப்புக்கு 2,000 ரூபாய் செலவுத்தொகை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மனுக்கள் அனுமதிக்கப்பட்டன. அந்த இரண்டாயிரத்தை அத்தைதான் ஆட்டுக்குட்டி விற்றுக் கட்டினார். வழக்கு இப்போது முதலிலிருந்து நடக்கிறது. யார் பக்கம் தீர்ப்பாகும் என்று சொல்ல முடியாது. ஆனால் டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டால், இருக்கிறேன் என்று சொல்ல ஆள் இருக்கிறது.

நாட்காட்டி அட்டையில் இப்போது வாய்தா தேதிகளைப் பால்காரப் பையன் எழுதி வைக்கிறான். மேலே பெரிதாக 15100 என்றும் எழுதியிருக்கிறான். தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண். போன வாரம் அத்தையிடமிருந்து போன். பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கடன் வழக்கில் சம்மன் வந்திருக்கிறதாம்.

“எப்ப வந்துச்சு அத்தை?”

“நேத்து சாயங்காலம் கண்ணு. ஒம்பது மணி பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் நிக்கறோம். பிராதும் பையில இருக்கு.”