பாதத்தையும் தினம் பார்ப்போம்



நாத்து நடுகிறோம், களை எடுக்கிறோம், தண்ணீர்க் குடம் சுமக்கிறோம், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறோம். இத்தனை பாரத்தையும் தாங்குவது நம் இரண்டு பாதங்கள். ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகள் இருக்கின்றன. முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிற நாம், பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது முள் குத்தினால்தான். அதுவும் வலித்தால்தான். குத்தியும் வலிக்காவிட்டால்? இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

வலிக்காத புண்தான் ஆபத்தான புண்

சர்க்கரை நோய் பல வருஷம் கட்டுப்பாடு இல்லாமல் இருந்தால் காலுக்கு இரண்டு கேடு வரும். முதலாவது, நரம்பு கெடும். ஆரம்பத்தில் பாதம் எரியும், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். போகப் போக உணர்ச்சியே குறைந்துவிடும். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடப்பவர்கள் உண்டு. தரையில் படுத்துத் தூங்கும்போது எலி கடித்ததை, காலையில் ரத்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

இரண்டாவது, ரத்தக் குழாய் அடைபடும். ரத்தம் போய்ச் சேராத இடத்தில் புண் ஆறாது. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இந்த அடைப்பு இன்னும் வேகமாக வரும். இதை வீட்டு ஆண்களுக்கும் சொல்லுங்கள்.

"வலிக்கவே இல்லையே, தன்னால ஆறிடும்" என்று விட்டுவிடுகிறோம். சீழ் உள்ளே இறங்கி எலும்பைத் தொட்ட பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே விரலை எடுக்கணும் என்பார்கள், சில பேருக்குக் காலையே எடுக்க வேண்டியதாகிறது. கறவை மாட்டுக்கு வாங்க வேண்டிய கடன் வைத்தியத்துக்குப் போகிறது. கால் போன பிறகு கூலி வேலையும் போகிறது. அப்புறம் தவணை எப்படிக் கட்டுவது?

மரத்துப்போவதற்குச் சர்க்கரை மட்டும் காரணம் இல்லை. தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் உணர்ச்சியும் இல்லையென்றால் தொழுநோயாக இருக்கலாம். இதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகும். வெட்கப்பட வேண்டியதில்லை.

குழுக் கூட்டத்திலேயே செய்யலாம்

இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் மருத்துவர்கள் 2011-ல் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். கருவி எதுவும் வேண்டாம், ஆள்காட்டி விரல் போதும்.

சர்க்கரை உள்ள உறுப்பினர் காலை நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளட்டும். இன்னொருவர் அவருடைய கால் விரல் நுனியை மெல்லத் தொடணும். வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்று மொத்தம் 6 இடம். ஒவ்வொரு இடத்திலும் ஒன்று இரண்டு விநாடி தொட்டால் போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, ஒரே விரலை இரண்டாம் முறை தொடக் கூடாது. தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று அவர் சொல்லணும்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் போகணும். அவர் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், பாதத்தின் மேல் நாடி பிடித்தும் பார்ப்பார். ஆறும் தெரிந்தாலும், சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் பாதத்தைக் காட்டணும்.

தினமும் செய்ய வேண்டியவை

* ராத்திரி படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கீழே கண்ணாடியை வையுங்கள், அல்லது மகளையோ மருமகளையோ பார்க்கச் சொல்லுங்கள்.
* கழுவியதும் விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். தேங்காய் எண்ணெயைக் குதிகாலில் தடவலாம், விரல் இடுக்கில் வேண்டாம்.
* வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள். முழங்கையை விட்டுப் பாருங்கள்.
* நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்ட வேண்டாம்.
* மெட்டி இறுகி விரல் வீங்கினால் கழற்றிவிடுங்கள். மெட்டி அழுத்தியே புண் வரும்.
* செருப்பை உதறி, உள்ளே கையால் தடவிப் பார்த்துப் போடுங்கள். உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் பின்பக்கம் வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு நல்லது. செருப்பைச் சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும்.

சேற்றில் செருப்போடு இறங்க முடியாது என்பது நமக்கும் தெரியும். உணர்ச்சி குறைந்த சகோதரிக்கு வரப்பில் செய்கிற வேலையைக் குழுவே கேட்டு வாங்கித் தரலாம். இறங்கித்தான் ஆகணும் என்றால், கரை ஏறியதும் கழுவித் துடைத்துப் பார்க்கணும்.

செய்யக் கூடாதவை

புண்ணில் சாணம், காப்பித்தூள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். ஆணிக்காலை பிளேடால் சீவாதீர்கள். கடையில் விற்கும் ஆணிக்கால் பிளாஸ்திரியில் தோலை அரிக்கும் மருந்து உண்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கு அது புண்ணாகிவிடும். மரத்த காலுக்குச் சூடான ஒத்தடமும் வேண்டாம். வேண்டுதலுக்குத் தீமிதிப்பதும், வெறுங்காலில் பாதயாத்திரை போவதும் இவர்களுக்கு ஆகாது. சாமிக்கு வேறு விதமாக வேண்டுதலைச் செலுத்தலாம்.

மற்ற கால் தொந்தரவுகள்

குதிகால் வலி: காலையில் முதல் அடி வைத்தால் சுரீர் என்று குத்தும். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் பதிய ஆடுசதையை இழுத்து நிற்கணும். மெத்தென்ற செருப்பு போடணும். குணமாகச் சில மாதம் ஆகும், ஆனால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரியாகும்.

சுளுக்கு: உடனே நீவி விடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, துணிக்கட்டு போட்டு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்கணும்.

சேற்றுப்புண்: விரல் இடுக்கு வெளுத்து அரிக்கும். காலை உலர வைத்து, டாக்டர் தரும் களிம்பை அவர் சொன்ன நாள் வரை போடணும்.

அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியவை

சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண்ணில் சீழ், நாற்றம், விரல் கறுத்துப்போவது, காய்ச்சல் வருவது, வலி இல்லாமலே பாதம் சூடாகி வீங்குவது. இவற்றில் எது இருந்தாலும் சந்தை நாள், விசேஷம் என்று தள்ளிப்போடக் கூடாது.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடிப் போய்ச் சர்க்கரை மாத்திரை கொடுத்த தன்னார்வலர்களில் பலர் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். அடுத்தவர் காலைக் காப்பாற்ற நம்மால் முடியும். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்கி விரல் தொடு சோதனையைச் செய்யுங்கள். யாருக்கு உணர்ச்சி குறைவு, யார் டாக்டரிடம் போனார் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி, அதற்கடுத்த கூட்டத்தில் கேளுங்கள். தவணையை ஞாபகப்படுத்துகிற மாதிரி இதையும் ஞாபகப்படுத்துவோம். செருப்பு வாங்கப் பணம் இல்லாத உறுப்பினருக்கு உள்கடன் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

கால் நன்றாக இருந்தால்தான் குடும்பமும் நடக்கும், குழுவும் நடக்கும்!