போன் மணி அடித்தால் இன்டர்நெட் போகிறதா?

2007-ல் எங்கள் வீட்டில் ஒரு விநோதம். போன் மணி அடித்தால் போதும், மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டும், இன்டர்நெட் போய்விடும். மகள் ஆன்லைனில் வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மூன்று முறை பாதியில் நின்றது. மூன்று முறையும் அழைத்தவர் என் மாமியார்! புது மோடம் வாங்கவே கிளம்பிவிட்டேன்.

நல்லவேளை, அதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். போன் லைனில் இருந்த எல்லாவற்றையும் கழற்றி, மோடத்தை மட்டும் இணைத்தேன். அரை மணி நேரம் இணைப்பு அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாக மாட்டி, செல்போனிலிருந்து வீட்டு எண்ணை அழைத்துப் பார்த்தேன். ஹால் போன், சரி. காலர் ஐடி பெட்டி, சரி. படுக்கையறை எக்ஸ்டென்ஷன் போனை மாட்டியதும் விளக்கு அணைந்தது. அதற்கான வயர் ஸ்பிளிட்டருக்கு முன்பே பிரிந்து போயிருந்தது.

ஒரே செம்புக் கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே செல்கிறது; ஏடிஎஸ்எல் டேட்டா சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. இரண்டையும் பிரிப்பது ஸ்பிளிட்டர். அதன் வழியாக வராத போன், பேக்ஸ் எதுவானாலும் டேட்டா சிக்னலைக் குலைக்கலாம்.

அன்றிரவு எக்ஸ்டென்ஷனைக் கழற்றி வைத்தோம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அந்த போனுக்குத் தனியாக ஒரு மைக்ரோபில்டர் மாட்டினேன்.

பைபர் இணைப்பில் இந்தத் தொல்லை இல்லை. செம்புக் கம்பியில் டிஎஸ்எல் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள்: மைக்ரோபில்டரின் போன் முனையில் மோடத்தைச் செருகிவிடாதீர்கள். டேட்டாவையே அது தடுத்துவிடும்.