வளைவில் ஒழுகாத பெட்ரோல், நிறுத்தியதும் ஏன் ஒழுகுகிறது?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒரு பழைய புல்லட் கொல்லிமலைக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியெல்லாம் ஒழுங்காக வந்த வண்டி, மேலே சோளக்காடு என்னும் ஊரில் சைடு ஸ்டாண்டு போட்டதும் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலைச் சொட்டத் தொடங்குகிறது. வளைவுகளில் அத்தனை சாய்ந்தபோது சொட்டவில்லையே!

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மிதக்கும் பந்து குழாயை அடைக்கிறது அல்லவா? கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலும் அதே ஏற்பாடுதான். பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் மிதவை மேலெழும்பி, கூர்முனை கொண்ட சிறு ஊசியைப் பித்தளைத் துவாரத்தில் அழுத்தி வரத்தை நிறுத்தும். முனை தேய்ந்தாலோ, டேங்கின் துருத்துகள் ஒன்று நடுவில் சிக்கினாலோ அடைப்பு சரியாக விழாது. மிஞ்சும் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே தரைக்குப் போகும்.

வளைவில் வண்டி சாயும்போது புவியீர்ப்பும் திரும்பும் விசையும் சேர்ந்து வண்டியின் உயரவாக்கிலேயே கீழ்நோக்கி இழுக்கின்றன. அதனால் கிண்ணத்துக்குள் பெட்ரோல் சாய்வதில்லை. சைடு ஸ்டாண்டில் புவியீர்ப்பு மட்டுமே மிஞ்சுகிறது. மட்டம் ஒருபுறம் சரிகிறது. நிமிர்ந்து நின்றபோது எப்படியோ சமாளித்த தேய்ந்த ஊசி, இப்போது கைவிடுகிறது.

மலையில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. கலவையில் பெட்ரோல் விகிதம் கூடி, புகை கறுக்கும், இழுவை குறையும். அது ஒழுகல் அல்ல. மலையிறங்கினால் தானே சரியாகும்.

மெல்லிய துளை வழியே பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டரை வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் உருவாக்கினார். நூறாண்டுக்கும் மேல் எஞ்சின்களுக்கு ஊட்டிய அந்த முறை, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்ததும் இந்தியாவின் புதிய பைக்குகளிலிருந்து பெரும்பாலும் விடைபெற்றது. பழைய வண்டிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழுதுபார்க்க முழு கார்புரேட்டரையும் மாற்ற வேண்டியதில்லை. எஞ்சின் ஆறியபின் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துக் கழற்றவேண்டும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள்: உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை, மிதக்காது, மாற்றத்தான் வேண்டும். ஊசி முனையில் வளையம்போல் பள்ளம் விழுந்திருந்தால் புது ஊசி. பள்ளமில்லையென்றால் துவாரத்தைப் பஞ்சால் துடைத்தாலே பல நேரம் போதும். கம்பியால் குத்தக்கூடாது, பித்தளை கீறினால் ஒழுகல் நிரந்தரமாகிவிடும். கிண்ணத்தின் விளிம்பில் கசிந்தால் குற்றவாளி ஊசியல்ல, கேஸ்கெட்.

மாட்டியபின், வடிகால் திருகில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி மேல்நோக்கிப் பிடித்தால் உள்ளிருக்கும் மட்டம் வெளியே தெரியும். கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே, தயாரிப்பாளர் கையேடு சொல்லும் அளவில் அது நின்றுவிட்டால் வேலை முடிந்தது.

கிளம்பும் முன் எஞ்சின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாய் அடைத்திருந்தால் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காக்காது. பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.