22 வளைவுகளும் ஒரு வில்லும்

திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாற்றில் தண்ணீர் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கற்கள் கிடக்கும். அங்கிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால், சற்று முன் அண்ணாந்து பார்த்த மரத்தின் உச்சி காலுக்குக் கீழே தெரியும். மலையோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போலவே இருக்கும். சாலைத் தூரம் வேறு, நேர்த்தூரம் வேறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

விமானத்துக்கு வளைவு இல்லை. உலக உருண்டைமீது இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது எந்த வழியில் கிடக்கிறதோ, அதுதான் வான்தூரம். அதே வழியைத் தட்டையான வரைபடத்தில் வரைந்தால் பெரும்பாலும் வில் போல வளைந்திருக்கும். உருண்டையில் ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகள் இன்றும் இந்தக் கணக்கில்தான் பறக்கிறார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு சுமார் 355 கிலோமீட்டர். மணிக்கு 830 கிலோமீட்டர் போகும் விமானத்துக்கு அரை மணி நேரம் போதுமே என்று தோன்றும். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரமாவது போட்டிருக்கும். நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து, இறங்கி ஓரமாய் நிற்கும்வரை எல்லாமே அதில் சேர்த்தி. மேலே ஏறவும் கீழே இறங்கவுமே நேரம் போய்விடும். முழு வேகத்தில் போவது சில நிமிடங்கள்தான். அப்படியும், கல்லாற்றுக்காரர் நெடுமங்காடு வழியாக விமான நிலையம் வந்துசேரும் நேரத்துக்குள் கொழும்பு வந்துவிடும்.

கடிகாரம் செய்யும் குழப்பம் இதைவிடப் பெரிது. துபாய் இங்கிருந்து சுமார் 2,950 கிலோமீட்டர், சிங்கப்பூர் சுமார் 3,100. இரண்டுமே 4 மணி நேரத்தை ஒட்டிய பயணம். காலை 10 மணிக்குப் புறப்பட்டால் துபாயில் பகல் பன்னிரண்டரை. சிங்கப்பூரிலோ மாலை நாலரை. துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னே, சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னே. நாகர்கோவில் பக்கத்திலிருந்து முதன்முறை வளைகுடா போகிறவர்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் பேசுவது என்று தடுமாறுவது இதனால்தான்.

காற்றும் கணக்கை மாற்றும். குளிர்காலத்தில் வளைகுடாவுக்கு மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. அதை எதிர்த்துப் போகும்போது நேரம் கூடும். ஊர் திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து வீசும். இந்தக் கீழைக் காற்றாற்றை 1958-இல் விரிவாக எழுதி உலகுக்குக் காட்டியவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர்.

ஆண்டுக்கு இரண்டு நாள், ஐப்பசியிலும் பங்குனியிலும், இந்தக் கணக்குகள் எல்லாம் காத்திருக்கும். பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழி, ஓடுபாதையைக் குறுக்கே கடக்கிறது. விமான நிலையத்தின் தொடக்கம் 1932. ஊர்வலத்தின் வழி அதற்கும் முந்தியது. அன்று மாலை சில மணி நேரம் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. தீவட்டி வெளிச்சத்தில் சாமி நீராடித் திரும்பி, ஓடுபாதையைக் கூட்டிச் சரிபார்த்த பிறகுதான் அடுத்த விமானம் நகரும்.