எதிராளியின் அளவுகோல்

அங்கதத்தைத் தொல்காப்பியம் இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாக வைவது செம்பொருள், பழியை மறைத்துச் சொல்வது கரந்தது. இவற்றில் கரந்ததே ஆழமாகத் தைக்கும். எதிராளி எதைப் பெருமையாக நினைக்கிறானோ அதையே அளவுகோலாக ஏற்று, அதைக் கொண்டே அவனை அளந்துகாட்டுவது அதன் நுட்பம். புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் பாருங்கள். அரசன் அதியமானின் தூதாகப் போன புலவர் ஔவை, வேற்று அரசன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது பாடியது அது. இங்குள்ள ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவலுள்ள அகன்ற மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, எப்போதும் கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. நெய்யும் மாலையும் தொண்டைமானே காட்டி மகிழ்ந்தவை. அந்தப் பளபளப்புக்குக் காரணம் போரையே காணாததுதான் என்ற முடிவுக்கு அவனே வந்தாக வேண்டும். தானாக வந்த முடிவோடு அவன் எப்படிச் சண்டையிடுவான்? வேற்று அரசன் முன் தனியே நிற்கும் தூதருக்கு இது காப்பும்கூட.

இது அதியமானைப் புகழும் பாட்டுத்தானே என்று கேட்கலாம். தொகுத்தவர்கள் பாடாண் திணையில்தான் வைத்தார்கள். பாட்டும் அவன் கொடையைச் சொல்லியே முடிகிறது. தொண்டைமான் பெயர்கூடப் பின்குறிப்பில்தான் வருகிறது. நியாயமான ஐயம்தான்; சூழல் தெரியாவிட்டால் அங்கதத்தின் கூர் மழுங்கத்தான் செய்யும். ஆனாலும் தன் அரசனைப் புகழ மட்டும் வந்தவருக்கு அடுத்தவன் ஆயுதத்தின் அலங்காரத்தை இப்படி அடுக்க வேண்டிய தேவை என்ன? ‘இவை’, ‘அவை’ என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியது பாட்டுத்தான், பின்குறிப்பு இல்லை.

1729இல் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் அயர்லாந்தின் வறுமையைப் பற்றி எழுதியதும் இதே முறையில்தான். ஏழைக் குழந்தைகளை ஓராண்டு வளர்த்து இறைச்சிக்கு விற்கலாம் என்று நிதானமாகக் கணக்குப் போடுகிறது அந்தப் பிரசுரத்தின் குரல்: ஆண்டுக்கு 1,20,000 பிறப்பு, இனப்பெருக்கத்துக்கு 20,000, மிச்சம் விற்பனைக்கு. மக்களை வெறும் எண்களாகப் பார்த்த அன்றைய திட்டக்காரர்களின் மொழியை ஸ்விஃப்ட் அப்படியே எடுத்துக்கொண்டார். அதனால் பசி தீர்ந்ததா என்றால், இல்லை. 1740-41இல் அயர்லாந்தைக் கொடும் பஞ்சம் தாக்கியது. சோறு போடுவது அரசின் வேலை. அந்தக் கணக்குப் பேச்சுக்கு இருந்த மரியாதையைப் பறிப்பது எழுத்தாளரின் வேலை. அதை ஸ்விஃப்ட் முழுமையாகச் செய்தார். அடுத்த முறை ஓர் அங்கதத்தைப் படிக்கும்போது, அதில் யாருடைய அளவுகோல் பயன்பட்டிருக்கிறது என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.