செண்பகவல்லிக் கால்வாயும் கண்மாய் வரத்துக்கால்களும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழையில் பெரும்பங்கு மேற்கே ஓடிவிட, கிழக்கே சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கங்கள் வானம் பார்த்த கரிசற் பூமியாய் இருந்துவருவதை விவசாயிகள் யாவரும் அறிவர். இக்குறையை ஓரளவேனும் நீக்கும்பொருட்டு முன்னோர் செய்த ஏற்பாடே செண்பகவல்லி அணையாகும். வாசுதேவநல்லூருக்கு மேற்கே, தற்போது கேரள எல்லைக்குட்பட்ட மலைமீது, மேற்குநோக்கிப் பெரியாற்றிற்குச் செல்லும் நீரைக் கற்சுவரால் மறித்து, ஒடுங்கிய கால்வாய் ஒன்றின் வழியாகக் கீழ்ச்சரிவிற்குத் திருப்பினர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தாரும் சிவகிரி ஜமீன்தாரும் இசைந்து செய்தது இதுவென அப்பக்கத்தார் வழிவழியாய்க் கூறுவர். அந்நீர் மலையடிவாரக் கண்மாய்களை நிரப்பி, மிகுதி வைப்பாற்றின் உபநதிகளில் சேர்ந்து கிழக்கே வந்தது.

1960-களில் அச்சுவர் வெள்ளத்தில் உடைந்தது. 1980-களில் மராமத்துச் செலவில் பாதியாகிய 5.15 லட்சம் ரூபாயைத் தமிழ்நாடு அரசினர் கேரள அரசினருக்குச் செலுத்தினர்; வேலை நடைபெறாமலே அத்தொகை பின்னர் திரும்பிவந்தது. இன்று ஒரு நல்ல டிராக்டரின் விலைக்கும் குறைவான தொகை அது!

மலைமேல் உள்ள காரியம் இரண்டு அரசுகளுக்கு இடைப்பட்டது. விவசாயிகள் விண்ணப்பித்துவருவது நியாயமே. ஆயினும், அணை நாளையே சீர்ப்பட்டு நீர் வந்தாலும், அது கண்மாய்க்குள் புகுமா என்பது வேறு கேள்வி. பல கிராமங்களில் வரத்துக்கால் சீமைக் கருவேலங்காடாகவோ, பக்கத்து நிலத்தின் வரப்புக்குள் அடங்கியதாகவோ காணப்படுகிறது.

முற்காலத்தில் இவற்றைக் குடிமராமத்து முறையில் ஊராரே வருஷந்தோறும் வெட்டிவந்தனர். அவ்வழக்கம் தளர்ந்தமையாலேயே சென்னை மாகாணத்திற்கென 1858-ஆம் வருஷத்தில் கட்டாய வேலைச் சட்டம் இயற்றப்பட நேர்ந்தது. 1923 முதல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும், அதனைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் வளர்ந்து, ஆட்கள் அங்கே சென்றனர். கிணற்றில் மின்சார மோட்டார் வைத்த நிலச்சுவான்தார் கண்மாயை மறந்ததே இவற்றினும் பெரிய காரணம் எனலாம். 2017-இல் தமிழ்நாடு அரசினர் குடிமராமத்தை மீண்டும் தொடங்கி, பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ ஆயக்கட்டுதாரர் ஏற்குமாறு செய்தனர். ஆனால் கரையும் மடையும் எளிதிற் கண்ணிற்படுவன, வரத்துக்காலோ அவ்வாறன்று.

வேலை தொடங்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, சர்வேயரைக்கொண்டு அகலத்தை அளந்து கல் நடுதல் அவசியம். கால் அயல் கிராமத்தின் வழியே வருமாயின் அவ்வூர் அலுவலரையும் உடன் அழைக்கவேண்டும். இதனைச் செய்யாமையால் வேலை பாதியில் நின்று வழக்கில் முடிவதுண்டு. கருவேலை வெட்டினால் மீண்டும் தழைக்கும், தூரோடு பெயர்த்தெடுக்கவேண்டும். ஆனி, ஆடி மாதங்களே இதற்கு ஏற்றவை. ஐப்பசி மழைக்குள் வேலை முடிந்திருத்தல் வேண்டும்.

கண்மாய் வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வெட்டிச்செல்வதே முறை. இயந்திரத்தை நடுவில் இறக்கி ஆழமாய்த் தோண்டினால் அங்கே குட்டம் விழுந்து நீர் தேங்குமேயன்றி ஓடாது. கொத்தனார் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயைக்கொண்டு இருபது அடிக்கொருமுறை வாட்டத்தைச் சோதிப்பது அதிகச் செலவன்று. வெட்டிய மண்ணை ஓரத்திலேயே குவித்தால் முதல் மழையிலேயே திரும்பவும் உள்ளே சரியும். நாலைந்து கஜம் விலக்கிப் போடவேண்டும். மழை பெய்தவுடன் காலின் நீளம் முழுவதும் நடந்து, நீர் நிற்கும் இடங்களிற் குச்சி நட்டுவைத்து, வெயில் கண்டபின் அவ்விடங்களை மட்டம் செய்தல் வேண்டும்.