அறிவிப்பு முதலில் தாதியருக்குத் தெரிய வேண்டும்

2020 மார்ச் 18-இல் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அந்த மாதங்களில் மாலையானால் பலரும் தொலைக்காட்சி முன் அமர்ந்தனர். அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா அன்றைய கோவிட்-19 நிலவரத்தை அறிவித்தார். பழகிய முகம், பழகிய நேரம் என்பதால் தகவலைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இது வெளித் தொடர்பு.

அரசாங்க மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் உள் தொடர்பு என்ற ஒன்றும் உண்டு. மருத்துவர், தாதியர், மருந்தகப் பணியாளர், கவுண்டரில் இருப்பவர், பாதுகாவலர் என அனைவருக்கும் செய்தி சேர்வதே அது. கிளினிக் நேரம் மாறுவதை முகநூலில் காலையில் போட்டுவிட்டு, கவுண்டருக்கு மாலையில் சொன்னால் என்ன ஆகும்? ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் பேருந்து ஏறி வந்த தோட்டத் தொழிலாளி, நீரிழிவு மாத்திரை இல்லாமல் வீடு திரும்புவார். அடுத்த முறை வரவே தயங்குவார்.

ஆகவே முதலில் பணியாளர், பிறகு பொதுமக்கள் என்பதே சரியான வரிசை. யார் சொல்வது, எப்போது, எந்த மொழியில் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

2021 பிப்ரவரியில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது மைசெஜாத்ரா செயலி மட்டும் போதவில்லை. திறன்பேசி இல்லாதோருக்காகத் தொலைபேசி, நேரடிப் பதிவு ஆகிய வழிகளும் வைக்கப்பட்டன. தோட்டப்புறத்துக்கும் அதே பாடம்தான். தமிழில் ஓர் அறிவிப்புத் தாள், கோயில் ஒலிபெருக்கி, தோட்டத்துப் புலனக் குழு ஆகியவற்றிலும் சொன்னால்தான் பாட்டிமார் வரை செய்தி சேரும்.